மாமா வீட்டுக்குப் போன பிள்ளை எதைக் கொண்டு வருகிறது?

ஓகஸ்ட் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய கிழமை. எங்கள் தரம் ஏழில் படிக்கும் இரணைமடுக் குளத்துப் பக்கத்துப் பெடியன் ஒருவன் தாய் தகப்பனோடு தமிழ்நாட்டுக்குப் போய்வந்திருந்தான். முன்னுக்கு வந்து வகுப்புக்குச் சொல்லு என்று கூப்பிட்டேன். விமானம், மெரினாக் கடற்கரை, தஞ்சாவூர்க் கோபுரம் என்று தொடங்குவான் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “ரீச்சர், அங்க மதகு எண்டா வேற” என்றான்.

வன்னியில் மதகு என்றால் வீதிக்குக் கீழே தண்ணீர் ஓட விடுகிற சின்னப் பாலம். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற இடத்தைத் துருசு என்போம். நாங்கள் துருசு என்பதைத்தான் தமிழ்நாட்டில் மதகு என்கிறார்கள். குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் எங்களுக்கு வான், அவர்களுக்குக் கலிங்கு. கரிகாலன் காவிரிக்குக் குறுக்கே கட்டியதாகச் சொல்லும் கல்லணையில் நின்றுகொண்டு, தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த மச்சானோடு இவன் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறான். மதகைக் காட்டி “இது துருசு” என்று இவன் சொல்ல, துருசு என்றால் என்னவென்றே மச்சானுக்குத் தெரியவில்லை. கடைசியில் மாமா வந்து இரண்டு பேரும் சரி என்று முடித்துவைத்தாராம்.

அன்றைக்கு அந்தப் பாடவேளை முழுவதும் இதிலேயே போனது. அலவாங்கை அங்கே கடப்பாரை என்கிறார்கள், கச்சானை வேர்க்கடலை என்கிறார்கள், கதிரை என்று கேட்டால் ஒருவருக்கும் விளங்கவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனான். கதிரை, அலுமாரி, அலவாங்கு, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் என்று நான் சொன்னதும் வகுப்பே திகைத்துப்போனது. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையை வரலாற்றுப் பாடத்தில் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன். தாங்கள் இருக்கிற கதிரைக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு என்று பிள்ளைகள் அன்றைக்குத்தான் உணர்ந்தார்கள். அதற்கு ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போய், தன் சொல் விளங்காமல் நின்றுவிட்டு வர வேண்டியிருந்தது.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று. “இவ்வளவு காசு செலவழிச்சு வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைக்கு ஏதும் பிரயோசனம் இருக்கோ, இல்லை படிப்புத்தான் கெடுமோ?” புலமைப்பரிசில் பரீட்சை, சாதாரண தரம் என்று ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று தலைக்கு மேல் நிற்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. பதினெட்டு வருடமாகக் கிளிநொச்சி மாவட்டத்தில் படிப்பிக்கிறேன். போய்வந்த பிள்ளைகளையும், வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பிரயோசனம் இருக்கிறது. ஆனால் காட்சி பார்க்கப் போன இடங்களிலிருந்து வருவது அதில் மிகக் கொஞ்சம். சொந்தக்காரர் வீட்டுக் குசினியில், தண்ணீர் லொறி வருகிற ஒழுங்கையில், பாஸ்போட் கொடுக்கிற வரிசையில் பிள்ளை படிப்பதுதான் திரும்பி வந்த பிறகும் அதோடு இருக்கிறது.

எங்கே போகிறோம், எப்படிப் போகிறோம்

வன்னியில் குடும்பமாக வெளிநாடு போவது இன்னும் அரிது. போகிறவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டுக்குத்தான் போகிறார்கள். கனடா, லண்டன் என்றால் விசா மறுக்கப்படுவதே வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூருக்கு இலங்கைப் பாஸ்போட்டில் விசா இல்லாமல் 30 நாள் வரை போய் நிற்கலாம், ஆனால் அங்கே ஒரு கிழமை தங்குகிற செலவில் இங்கே ஒரு போக நெல்லு விதைத்து வெட்டலாம்.

பாதை முன்பைவிட இலகுவாகியிருக்கிறது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவால் நின்றுபோன சென்னை விமானம் 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 ஒக்ரோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடியது. கடல் நல்லாயிருந்தால் ஏறக்குறைய நாலு மணி நேரம். மாரிக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. முன்பென்றால் முல்லைத்தீவுக்காரர் ஒரு பகலையும் ஒரு இரவையும் கட்டுநாயக்காவுக்குப் போவதிலேயே கழிக்க வேண்டும்.

இந்தப் பாதை புதிது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்பப்பாமாரைக் கேட்டால் தெரியும். 1914 இலிருந்து, கொழும்பில் ரயில் ஏறினால் தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடிக்குப் போய், அங்கே நிற்கிற ரயிலில் சென்னைக்குப் போகலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்வந்தது, 80களில் போரோடு அதுவும் நின்றது. மடு றோட்டில் ஏறிச் சிதம்பரத்துக்குப் போய்வந்த கிழவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். பிள்ளை பயணம் போக முதல் அப்படி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் இருத்திவைப்பது, பத்து இணையத்தளம் பார்ப்பதைவிட மேலான ஆயத்தம்.

ஆயத்தம் என்றதும் இன்னொன்று. பிள்ளையின் பாஸ்போட் படிவத்தைப் பெற்றோரே நிரப்பிவிடுகிறார்கள். நிரப்புவதைப் பிள்ளையிடம் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். தன் பிறப்புச் சான்றிதழை முதன்முறையாக அது முழுமையாக வாசிக்கும். தன் பெயரும் தங்கச்சியின் பெயரும் ஆங்கிலத்தில் ஏன் வேறு வேறு எழுத்தில் இருக்கின்றன, அம்மாவின் சான்றிதழ் ஏன் 2010 இல் எடுத்த பிரதியாக இருக்கிறது என்று கேட்கும். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோது பத்திரங்களும் போயின என்று அப்போது சொல்ல வேண்டிவரும். வவுனியாவில் இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் அந்தக் கதை தொடரும். பயணம் பலாலியில் தொடங்குவதில்லை, இங்கேதான் தொடங்குகிறது.

எல்லையில் நிற்கும்போது

என் வயதுக்காரருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் வவுனியாதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்க் காலத்தில் அரசாங்கப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் நடுவில், ஓமந்தையில் ஒரு எல்லை இருந்தது. போக பாஸ் வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும், பெயர் பதிய வேண்டும். நேரம்கூட மாறும். 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. அந்த வருடக் கடைசியிலிருந்து 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை, கிளிநொச்சியில் பத்து மணி என்றால் வவுனியாவில் பத்தரை. ஒரே நாட்டுக்குள் மணிக்கூட்டைத் திருத்திக்கொண்டு போய்வந்த ஆட்கள் நாங்கள். ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, போர் முடிந்த பிறகு மறுபடி திறந்தபோது, வீதி என்பது ஒருவர் திறந்துவிட்டால்தான் வீதி என்று எங்கள் உடம்பே படித்துவைத்திருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாடம் இன்னும் எங்கள் உடம்பில் இருக்கிறது. விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒருவர் “எங்கே போறீங்கள்?” என்று கேட்டால் குரல் தானாக இறங்குகிறது. கையிலிருக்கும் பத்திரங்களை மூன்றாம் முறையும் எண்ணிப் பார்க்கிறோம். பிள்ளை ஏதாவது கேட்டால் “சத்தம் போடாத” என்று கையைப் பிடித்து அமர்த்துகிறோம். பக்கத்தில் நிற்கிற பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதிகாரிக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று அது அந்த வரிசையில் படித்துவிடுகிறது.

என் மகளோடு முதன்முறை போனபோது எனக்கும் இதுவே நடந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கைகள் நடுங்கப் பத்திரங்களை நீட்டினேன். அதிகாரி நல்லவர், சிரித்துக்கொண்டு முத்திரை குத்தினார். உள்ளே போன பிறகு, “அம்மா, நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. விமானத்துக்குக் காத்திருந்த நேரம் முழுவதும் ஓமந்தையைப் பற்றிச் சொன்னேன். அரை மணி நேர வித்தியாசத்தையும் சொன்னேன். திரும்பி வரும்போது அவளுடைய பாஸ்போட்டை அவள் கையில் கொடுத்து, அவளையே நீட்டச் சொன்னேன். நேராக நின்று பெயரைச் சொன்னாள். இந்த ஒரு பயனுக்காகவே அந்தச் செலவு தகும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நேரத்தைப் பற்றி இன்னும் ஒன்று. கிளிநொச்சியில் இரவு எட்டு மணிக்கு ரொறன்ரோவில் கோடை என்றால் காலை பத்தரை, குளிர்காலம் என்றால் ஒன்பதரை. இந்தக் கணக்கு வன்னிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு முதலே தெரியும், சித்தி எப்போது கோல் எடுப்பா என்று காத்திருந்து பழகியதால். இந்தியாவுக்குப் போனால் நேரம் மாறாது. “வெளிநாடு எண்டா நேரம் மாறோணுமே” என்று ஏமாந்துபோகிற சின்னப் பிள்ளைகள் உண்டு. ஏன் மாறவில்லை என்று உலகப் படத்தில் காட்ட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

காசு எங்கிருந்து வருகிறது

2022 ஐப் பிள்ளைகள் மறக்கவில்லை. பெற்றோல் வரிசை, கியூஆர் கோட், பால்மா இல்லாத கடை. டொலர் இல்லை, டொலர் இல்லை என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டார்கள், விளங்கவில்லை. இந்திய ரூபாய் ஒன்று 2021 இல் எங்கள் காசில் மூன்று ரூபாய்க்கும் குறைவு. 2022 நடுவில் நாலரை ரூபாயைத் தாண்டியது. பயணத்தில் பிள்ளையின் கையில் ஐந்நூறு இந்திய ரூபாயைக் கொடுத்து, இது உன் காசு, எழுதிவைத்துச் செலவழி என்று விட்டுப் பாருங்கள். ஒரு பிளேற் இட்லியின் விலையை எங்கள் காசுக்கு மாற்றிப் பார்க்கிற நொடியில் விகிதமும் விளங்கும், நாட்டுக்கு என்ன நடந்தது என்பதும் கொஞ்சம் விளங்கும். அந்த நோட்டின் பின்பக்கத்தில் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது, தமிழ் எதுவென்று தேடச் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் மூன்று மொழி. அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, “இவ்வளவு மொழியை வைச்சுக்கொண்டு எப்படிச் சண்டை பிடிக்காமல் இருக்கினம்?” என்று கேட்டது. சண்டை இல்லாமலும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காசைப் பற்றிப் பிள்ளை படிக்கிற பெரிய பாடம், அனுப்புகிறவரின் வீட்டில்தான் இருக்கிறது. வன்னியில் எத்தனையோ வீடுகள் வெளிநாட்டுக் காசில் கட்டியவை. சித்தப்பா காசு அனுப்புவார், போன் அனுப்புவார், வந்தால் சொக்கிலேற் கொண்டுவருவார். பிள்ளையின் மனதில் அவர் ஒரு வற்றாத குளம். விசா கிடைத்துப் பாரிசுக்கோ ஸ்காபரோவுக்கோ போன ஒன்றிரண்டு பிள்ளைகள் வந்து சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சித்தப்பா விடிய நாலு மணிக்கு எழும்பி உணவகத்தில் கோப்பை கழுவப் போகிறார். இரவு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறார். ஆறு நாள் நின்றும் அவரோடு இருந்து கதைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அப்படிப் போய்வந்த பெட்டை ஒருத்தி, அதற்குப் பிறகு புதுப் போன் கேட்பதை நிறுத்திவிட்டாள் என்று தாய் சொன்னார். நாங்கள் நூறு தரம் “அங்க அவை படுற பாடு உனக்குத் தெரியுமோ” என்று சொல்லியும் ஏறாதது, கழற்றிப் போட்ட ஒரு சோடி ஈரச் சப்பாத்தைப் பார்த்ததும் ஏறிவிட்டது.

ஆகவே, வெளிநாட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறவர்கள் பிள்ளையை ஒவ்வொரு நாளும் எங்காவது கூட்டிக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு நாளாவது சும்மா வீட்டில் விடுங்கள். கடைக்கு அனுப்புங்கள், மாமியோடு சமைக்க விடுங்கள், மச்சாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ்ஸுக்குப் போய் நிற்க விடுங்கள். அங்கே இருக்கிற சொந்தக்காரரை வேலைக்கு லீவு போடவைத்து, வாகனத்தில் ஏற்றிக்கொண்டு திரிந்து, அவர்களின் உண்மையான நாள் எப்படி என்று தெரியாமலே திரும்புகிற பயணங்கள்தான் எங்களிடம் அதிகம். எனக்கு அது மனவருத்தம்.

அங்கேயே பிறந்த மச்சான்

மதகு கதை சொன்ன பெடியனிடம் திரும்பி வருகிறேன். அவனுடைய மாமா 1990 இல், சண்டை மறுபடி மூண்ட வருடம், வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் இறங்கியவர். மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு வேறு முகாமில் இருந்து, இப்போது முகாமுக்கு வெளியே பொலிசில் பதிந்துகொண்டு சென்னைப் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கிறார். அந்த ஒழுங்கையில் கோடையில் தண்ணீர் லொறியில்தான் வரும். இவனும் மச்சானும் நிறக் குடங்களோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள். முற்றத்துக் கிணற்றில் வாளியைப் போட்டு அள்ளுகிற பிள்ளைக்கு அது பெரிய புதினம். வீட்டுக்கு வந்த பிறகு கிணற்றடியில் தண்ணீரை வீணாக ஊற்றுவதில்லை என்று தாய் சொன்னார்.

ஆனால் அவனைக் குடைந்தது வேறொன்று. “மச்சானை எங்கட வீட்டுக்கு வரச் சொன்னன் ரீச்சர், அவனிட்டப் பாஸ்போட் இல்லையாம். அவன் இந்தியாவிலதானே பிறந்தவன்?”

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குடியுரிமை என்றால் என்னவென்று விளங்கப்படுத்த வேண்டிவந்தது. பிறந்த இடத்தை வைத்தே குடியுரிமை கொடுக்கிற நாடுகளும் உண்டு, தாய் தகப்பனை வைத்துக் கொடுக்கிற நாடுகளும் உண்டு. இந்தியாவில் 1987 யூலை 1 இலிருந்து பிறந்தவர்களுக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று சட்டம். 2004 டிசம்பரில் அது இன்னும் இறுகியது. 2019 இல் கொண்டுவந்த திருத்தம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில சமயத்தவருக்கு வழிவிட்டது, இலங்கையிலிருந்து போனவர்கள் அதில் இல்லை. மச்சானின் பிறப்பைச் சென்னையிலிருக்கும் இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதிந்து இலங்கைக் குடியுரிமை எடுக்கலாம், எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தான் கண்ணாலும் காணாத நாட்டின் பாஸ்போட்டை எடுப்பதா, பிறந்து வளர்ந்த நாடு ஒருநாள் ஏற்றுக்கொள்ளும் என்று காத்திருப்பதா என்று அந்த வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளங்கப்படுத்தியபோது அவன் குறிப்பெழுதவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அவனுக்கு எந்த நாடு?” என்றான். குடியியல் பாடத்தில் அந்த அலகுக்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியும். அவன் அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்துக்குப் புள்ளி போட முடியாது.

சிங்கப்பூர், மலேசியா போன பிள்ளைகள் இதற்கு எதிர்ப்பக்கத்தைக் கண்டுவருகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலைக்காக எங்கள் பக்கத்து ஆட்கள் மலாயாவுக்குப் போனார்கள். வட்டுக்கோட்டையில் பிறந்த எஸ். இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சரானார், அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்கிற உறுதிமொழியை எழுதியவரும் அவர்தான். ரயிலில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பிள்ளை, “எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது ரீச்சர்” என்றது. எங்கள் பஸ் நிலையப் பலகைகளைத் தினமும் பார்க்கிற பிள்ளை அப்படித்தான் சொல்லும்.

யானையும் கண்ணகியும்

திருச்சிப் பக்கத்துக் கோயிலில் யானை தும்பிக்கையால் தலையைத் தொட்டு ஆசி கொடுப்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு யானை என்றால் இரவில் தென்னம்பிள்ளையைப் பிடுங்க வருவது, யானை வெடி கொளுத்திக் கலைப்பது. அங்கே அதைச் சங்கிலியோடு பார்த்த ஒரு பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் யானை வயலை அழித்தாலும் தன்பாட்டில் காட்டுக்குப் போகிறதே என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததாம். மதுரைக்குப் போனவர்கள் கண்ணகியைத் தேடுகிறார்கள். அங்கே பெருங்கோயில் மீனாட்சிக்கு. மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி வந்து ஆறியது முல்லைத்தீவு வற்றாப்பளையில் என்று நம்பி, வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிற எங்களுக்கு அது திகைப்புத்தான். ஊரில் இருக்கும்வரை எல்லா இடமும் இப்படித்தான் என்று நினைத்த ஒன்று, எங்களுக்கே உரியது என்று பிள்ளைக்குத் தெரிய வருகிறது.

இங்கே வருகிற பிள்ளைகள்

வெளிநாட்டுக்குப் போக வசதியில்லாத வீடுகளே எங்களிடம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லையா? யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாடு எங்கள் முற்றத்துக்கே வருகிறது. மடுத் திருவிழாவுக்கும் நல்லூருக்குமாக வருகிற குடும்பங்களில் கனடாவிலும் சுவிசிலும் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வன்னிதான் வெளிநாடு. அவர்கள் இங்கே படிப்பதை எங்கள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

அவர்கள் பலருக்குத் தமிழ் விளங்கும், வாய் வராது. அதைத் தலைக்கனம் என்று எடுத்துக்கொள்கிற பெரியவர்கள் உண்டு, பிழை. நுளம்பு, கிணற்றுக் குளிப்பு, அடித்த கோழி கறியாக வருவது, போகிற வருகிறவர் எல்லாம் கன்னத்தைக் கிள்ளுவது என்று ஒரு கிழமை திணறுவார்கள். இரண்டாம் கிழமை சைக்கிளில் ஏறிக் குளக்கட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே போகும்போது எங்கள் பிள்ளைதான் வழிகாட்டி. எந்தப் பாதையில் இறங்கலாம், சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்த பக்கம் ஏன் போகக் கூடாது, மண்ணில் கிடக்கிற இரும்பை ஏன் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டியது அதுதான். மிதிவெடி என்ற சொல்லை ஒன்பது வயதுப் பிள்ளை இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதை ஒருமுறை கேட்டேன். நாங்கள் யாரும் அவ்வளவு தெளிவாக, பயமுறுத்தாமல் சொன்னதில்லை.

அப்பம்மா பக்கத்தில் இரண்டு பேரையும் இருத்திவிட்டால் இன்னொன்று நடக்கும். எங்கள் வீடுகளில் 2009 ஐப் பற்றிப் பிள்ளைகளோடு கதைப்பது குறைவு. முள்ளிவாய்க்கால் பெயராக மட்டும் தெரியும், செட்டிகுளம் முகாமில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பது தெரியாது. வெளிநாட்டுப் பிள்ளை ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டுவிடும். அப்பம்மாவும் தூரத்திலிருந்து வந்த பேரப்பிள்ளைக்கு மறுக்காமல் சொல்லிவிடுவா. ஊர்ப்பிள்ளை தன் வீட்டுக் கதையைத் தன் மச்சாளின் கேள்வியால் முதன்முறை கேட்கும்.

இது சின்ன விசயம் இல்லை. அமெரிக்காவின் எமொரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ரொபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் 2000களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், தாயும் தகப்பனும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த பெருந்துயரம் எதுவும் தெரியுமா என்ற மாதிரி. குடும்பக் கதை கூடுதலாகத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தன. விடைகளைப் பாடமாக்கிக் கொடுத்தால் அது வராது என்றும் அவர்களே சொன்னார்கள், கதைகள் வீட்டில் இருந்து கதைக்கப்பட வேண்டும். சிதறிப்போன குடும்பங்களுக்கு அப்படி இருந்து கதைக்கக் கிடைக்கிற நேரம் இந்தப் பயணங்கள்தான்.

எந்த வயதில், எப்படி

மூன்று நாலு வயதுக்கு முதல் போன பயணம் பிள்ளைக்கு ஞாபகம் இராது. அந்த வயதில் போவது அப்பம்மா தூக்கிப் பார்ப்பதற்காக, அதுவும் நல்ல காரணமே. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளை எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிற வயது. வாகனம் எந்தப் பக்கம் ஓடுகிறது, சோறு என்ன நிறம், வீட்டுக்குள் ஏன் சப்பாத்துப் போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரும். பதின்மூன்றுக்கு மேல் நியாயம் கேட்கத் தொடங்கும். அந்த வயதில் சும்மா கூட்டிக்கொண்டு போனால் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும், ரயில் மாறுவது, கணக்குப் பார்ப்பது என்று ஒரு பொறுப்பைக் கொடுத்தால் வேறு பிள்ளையாகிவிடும்.

திரும்பி வந்த பிறகுதான் பெற்றோர் கோட்டைவிடுகிறார்கள். படங்களைப் போனில் போட்டுவிட்டு அடுத்த நாள் ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நடந்ததைப் பற்றித் தாய் தகப்பன் விரிவாகக் கேட்டு, பிள்ளையும் விரிவாகச் சொல்லப் பழகினால் அந்த ஞாபகம் நிலைக்கும் என்பது இதே ஃபைவுஷ் முதலானோரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விசயம். “நல்லா இருந்ததோ?” என்று கேட்டால் “ஓம்” என்றுதான் பதில் வரும். “அந்தத் தண்ணி லொறிக்காரர் ஏன் அண்டைக்குக் கோபப்பட்டவர்?” என்று கேட்டால் அரை மணித்தியாலம் கதைக்கும். பள்ளிக்கூடமும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். போய்வந்த பிள்ளையைப் பெருமைக்காரன் என்று பகிடி பண்ண விடாமல், போகாத பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட வேண்டும். எங்கள் வகுப்பில் அன்றைக்கு நல்ல கேள்விகளைக் கேட்டவர்கள் கொழும்பையே காணாத பிள்ளைகள்.

அந்தப் பெடியனும் மச்சானும் இப்போது போனில் குரல் பதிவு அனுப்பிக்கொள்கிறார்கள். மாரி தொடங்கிவிட்டது. இங்கே மூன்று நாளாக விடாமல் மழை, குளத்துக்கு வரத்து கூடிக்கொண்டிருக்கிறது. நேற்று இடைவேளையில் ஓடிவந்து, அனுமதி வாங்கிக்கொண்டு வந்த தாயின் போனை என் காதில் வைத்தான். சென்னைப் பேச்சில் தொடங்கி, நடுவில் கொஞ்சம் தடுமாறி, இரணைமடுவை ஒருநாளும் காணாத அந்தப் பிள்ளை கேட்கிறது: “மச்சான், உங்கட குளம் வான் பாயுதா?”